நீரைக் கொடுத்தவரும் காட்சியை வாங்கியவரும்

கொழும்பு மாநகரம் வானை நோக்கி வளர்கிறதென்று பூரிப்படைவோர் இன்று நம் நாட்டில் மிகுதி. பேரே வாவியின் கரையில் 68 மாடிகளுடன் 240 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் ‘அல்டெயர்’ என்னும் குடியிருப்புக் கோபுரத்தை அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ஒரு கட்டடம் நிமிர்ந்து நிற்க, மற்றொன்று அதன்மீது சாய்ந்து நிற்கும் அந்த அமைப்பைப் பொறியியலின் விந்தை என்கிறார்கள். விந்தைதான், அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், அதில் அடங்கிய ஏறத்தாழ 400 வீடுகளும், நகரின் நீர்க்கரைகளில் அதனைப் போல் எழுந்துள்ள ஏனைய கோபுரங்களின் வீடுகளும் எதனைச் சொல்லி விற்கப்படுகின்றன? சுவரையும் கூரையையும் சொல்லியா? இல்லை. வாவி தெரியும் சாளரம், கடல் தெரியும் முகப்பு, நீரில் அந்திச் சூரியன் சாயும் தோற்றம் — இவற்றைச் சொல்லியே விற்கப்படுகின்றன. வீட்டுக்கு ஒரு விலை. சாளரத்தில் தெரியும் நீருக்கு மற்றொரு விலை.

நாம் இதனைத் திகனயிலிருந்து எழுதுகிறோம். தலைநகரத்து மாடியைப் பற்றி மலைநாட்டுச் சிற்றூர்க்காரருக்கு என்ன கவலை என்று சிலர் நகைக்கலாம். கவலைப்படுவதற்கு மற்றெவரினும் நமக்கு உரிமை அதிகம். நீரின் விலை என்னவென்பதை இந்நாட்டில் நன்கறிந்த ஊர்களுள் திகனவும் ஒன்று. அந்த விலையைக் கொடுத்தவர்கள் யார், நீரின் காட்சியை இன்று வாங்குபவர்கள் யார் என்னும் கேள்வியை இங்கிருந்து கேட்பதே பொருத்தம்.

திகனக்கு அப்பால் மகாவலியின் குறுக்கே 122 மீற்றர் உயரத்தில் விக்டோரியா அணைக்கட்டு நிற்கிறது. இலங்கையின் மிக உயரமான அணை அதுவே. அதனோடு இணைந்த மின்நிலையம் 210 மெகாவாட் ஆற்றல் கொண்டது. நீர்மின் நிலையங்களுள் நாட்டிலேயே பெரியது. பிரித்தானிய அரசு கொடுத்த 11 கோடிப் பவுணுக்கும் மேற்பட்ட உதவியுடன், பிரித்தானிய ஒப்பந்தக்காரர்களே அதனைக் கட்டினர். 1985 ஏப்ரல் 12ஆம் திகதி, ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன உடனிருக்க, பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சர் அதனைத் திறந்து வைத்தார். கட்ட வந்த வெளிநாட்டுப் பொறியியலாளருக்கென்று திகனயில் ஒரு குடியிருப்பே அமைக்கப்பட்டது. சர்வதேச நீர்ப்பாசன முகாமைத்துவ நிறுவனம் 1984இல் தோன்றியபோது அதன் தலைமையகமும் இவ்வூரிலேயே இருந்தது. உலகத்துக்கு நீர் நிருவாகத்தைப் போதித்த ஊர் இது.

ஆனால் அணை கட்டப்பட்டபோது நிகழ்ந்தது வேறொன்றும் உண்டு. தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் தோட்டங்களும் பழைய தெல்தெனிய நகரமும் நீருள் மூழ்கின. கடைத்தெருவும் பாடசாலையும் வழிபாட்டிடமும் கொண்ட, மனிதர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நகரம் அது. ஏறத்தாழ 30,000 பேர் தம் வீடுகளை விட்டு எழுந்தனர். பலர் கீழ்நாட்டின் மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்று, மலைநாட்டுக் குளிரை மறந்து, உலர்வலயக் காட்டில் வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்கினர். புதிய தெல்தெனிய மேட்டில் எழுந்தது. கடும் வரட்சி வந்து நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் பழைய நகரின் இடிபாடுகள் வெளியே தலைகாட்டுகின்றன. மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று பார்க்கின்றனர். தம் பாட்டன் வீட்டின் அத்திவாரத்தைப் பார்ப்பதற்கு வரட்சிக்குக் காத்திருக்கும் மக்கள் உலகில் வேறெங்கேனும் உண்டோ?

மகாவலி கொழும்புக்குப் பாய்வதில்லை. திருகோணமலைக் கடலிற் கலக்கிறது. ஆயினும் அது வேறு வழிகளில் கொழும்புக்குப் பாய்ந்துகொண்டே இருக்கிறது. மின்கம்பி வழியே வெளிச்சமாகப் பாய்கிறது. கீழே மன்னம்பிட்டியில் அள்ளப்படும் ஆற்றுமணலாக லொறிகளில் ஏறிக் கட்டட வேலைத்தலங்களுக்குப் பாய்கிறது. தலைநகரத்தின் மாடங்களில் மின்தூக்கி ஏறுகிறதென்றால், அதன் இழுவையில் மூழ்கிய தெல்தெனியவின் பங்கும் உண்டு. ஆகவே அந்தக் கோபுரங்கள் கொழும்பின் கோபுரங்கள் மட்டுமல்ல. நம்முடைய நீரின்மீது நிற்பவையுமாகும். கணக்குக் கேட்க நமக்கு உரிமையுண்டென்று சொன்னது இதனாலேயே.

நாட்டின் நன்மைக்காகத் தியாகம் செய்யுங்கள் என்று 1980களில் மக்களிடம் சொன்னார்கள். மின்சாரம் வேண்டும், உணவு வேண்டும் என்றார்கள். இரண்டும் வேண்டியவைதாம். அணைக்கட்டு வேண்டியதில்லை என்று நாம் வாதிக்க வரவில்லை. ஆற்றை வசப்படுத்தும் மனித அறிவை நாம் போற்றுகிறோம். நம் வினா வேறு. பொதுநன்மைக்கென்று கேட்டு வாங்கப்பட்ட நீரின் கரை, பொதுநன்மைக்கு உரியதாக இருக்கிறதா?

நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடுகளைக் காக்கவென்று 1987இல் விக்டோரியா–ரந்தெனிகல–ரந்தம்பே சரணாலயம் பிரகடனப்படுத்தப்பட்டது. நல்ல காரியம். மறுகரையிலோ, ரஜவெல்லவில், 500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் 18 குழிகள் கொண்ட கொல்ப் மைதானமும் உல்லாச விடுதியும் எழுந்தன. நீரை நோக்கிய சரிவுகளில் மாளிகை வீடுகளுக்கான காணித் துண்டுகள் விற்பனைக்கு வந்தன. எளியவன் ஆண்டுகளுக்கு முன் உழுத வயல் அடியில் கிடக்கிறது. அதன்மேல் நிற்கும் நீரைப் பார்த்து இன்னொருவன் பந்தடிக்கிறான். கொழும்பில் வாவிக்கரை கோபுரமாகிறது. திகனயில் ஆற்றங்கரை புல்தரையாகிறது. வடிவம் இரண்டு, வியாபாரம் ஒன்றே. இரண்டு இடத்திலும் விற்கப்படும் பண்டம் நீரின் காட்சி.

இதே தும்பறைப் பள்ளத்தாக்கில் கோப்பித் தோட்டங்கள் செழித்த காலத்திலிருந்து இந்த மண்ணைத் திருத்திய மற்றொரு கூட்டம் உண்டு. அவர்கள் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியே காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்கள். வழியிலே மாண்டவர் போக மீந்தவர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் மலைநாட்டின் தோட்டங்களில், 10 அடிக்கு 12 அடியென்று அளந்து கட்டிய லயன் காம்பராக்களில் வாழ்கிறார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. இருநூறு ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 2015க்குப் பின்னர், குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணி கொடுப்பதென்பது பெரியதொரு வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. அந்த ஏழு பேர்ச்சும் எல்லாக் குடும்பங்களுக்கும் இன்றுவரை எட்டவில்லை. பந்து உருள்வதற்கு 500 ஏக்கர். மனிதன் உறங்குவதற்கு ஏழு பேர்ச். இந்தக் கணக்கை எந்தப் பாடசாலைப் பிள்ளையும் போட்டுப் பார்க்கலாம். விடை சரியென்று எந்த ஆசிரியரும் புள்ளியிட மாட்டார்.

மீண்டும் தலைநகருக்குச் செல்வோம். பேரே வாவியைச் சூழ்ந்த கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று பெயர். ஒல்லாந்தர் தம் ஆபிரிக்க அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் அது. கோட்டையின் பாதுகாப்புக்கென்று அந்நியர் தேக்கிய அந்த வாவியின் ஓரத்தில், பிற்காலத்தில் மலாயரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவருமாகிய உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். துறைமுகத்துக்கும் புகையிரதப் பணிமனைக்கும் கடைகளுக்கும் கைகால்களாக இருந்தவர்கள் அவர்கள். வாவி நாறிக் கிடந்த நாட்களில் அந்தக் கரையை யாரும் விரும்பவில்லை. அவர்கள் அங்கே வாழலாம் என்று விட்டிருந்தார்கள். கரைக்கு விலை ஏறியதும் அவர்கள் ‘அத்துமீறிக் குடியிருப்போர்’ ஆகிவிட்டார்கள்.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. வீடமைப்புக்கும் போர்ப்படைக்கும் என்ன உறவு என்று கேட்டவர்களுக்கு அந்த ஆண்டின் மே மாதமே விடை கிடைத்தது. கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் படையினர் சூழ நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. தொடர்ந்த ஆண்டுகளில் நகரின் பல பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வனாத்தமுல்லை முதலான இடங்களின் தொடர்மாடிகளுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அதிகார சபையின் சொந்தக் கணக்கின்படியே, வசதி குறைந்த குடியிருப்புகள் என்று அது பெயரிட்டவற்றில் வாழ்ந்த சுமார் 68,000 குடும்பங்கள் கொண்டிருந்த நிலம், நகர நிலத்தில் 9 சதவீதம் மாத்திரமே. நகரத்து மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிலத்தில் நெருங்கி வாழ்கிறார்கள். அவர்களையே பார்த்து, நிலத்தை வீணாக்குகிறீர்கள், எழுந்திருங்கள் என்றது அரசு!

இங்கே நம்முடன் வாதிட வருவோரின் நியாயங்களைப் பார்ப்போம். அவர்கள் மூன்று நியாயங்கள் சொல்கிறார்கள்.

முதலாவது: சிறிய நாட்டில் நிலம் குறைவு, உயர்ந்து கட்டுவதே அறிவு. உயரத்தோடு நமக்குப் பகையில்லை. உயர்ந்து கட்டி, மிஞ்சிய நிலத்தைப் பூங்காவாகவும் பாடசாலையாகவும் மைதானமாகவும் மக்களுக்கு விட்டால் அதனை முதலில் வரவேற்பவர்கள் நாமே. ஆனால் நடப்பது என்ன? ஏழையை உயரத்தில் ஏற்றுவது அவன் காலடி நிலத்தை விற்பதற்காக. செல்வனை உயரத்தில் ஏற்றுவது அவனுக்கு நீரைக் காட்டுவதற்காக. ஏழைக்குக் கொடுத்த மாடிவீடு 400, 500 சதுர அடி. அதற்கும் மாதத் தவணை உண்டு. முற்றத்தில் இடியப்பம் அவித்து விற்றவளும், வாசலில் முச்சக்கர வண்டியைத் திருத்தியவனும் பத்தாம் மாடியில் என்ன தொழில் செய்வார்கள்? கீழே இருந்தபோது வீடே அவர்களுடைய தொழிற்சாலை. அதனை யாரும் நட்டஈட்டில் சேர்க்கவில்லை.

இரண்டாவது: வெளிநாட்டுப் பணம் வரும். இதற்கென்று சட்டமே செய்துள்ளார்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அந்நியருக்கு இந்நாட்டுக் காணியை விற்பதைத் தடுக்கிறது. தேசபக்தி! ஆனால் அதே சட்டம் தொடர்மாடியின் நான்காம் மாடியையும் அதற்கு மேற்பட்டவற்றையும் அந்தத் தடையிலிருந்து விலக்கிவிடுகிறது. மண்ணை விற்கமாட்டோம், வானத்தை விற்போம் என்பது இதன் பொருள். வானத்தை விற்றும் நாடு தேறியதா? மாடங்களுக்கான உருக்கும் கண்ணாடியும் மின்தூக்கியும் கப்பலில் வந்தன. அவற்றுக்கு டொலர் வெளியே சென்றது. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அரசு அறிவித்தது. விக்டோரியா அணை திறக்கப்பட்ட அதே திகதி. சரியாக 37 ஆண்டுகளின் பின். தும்பறை மக்கள் ஊரைக் கொடுத்துப் பெற்றுத் தந்த மின்சாரத்தை வைத்துக்கொண்டு ஆட்சியாளர்கள் எதனைக் கட்டினார்கள் என்பதற்கு அந்த இருண்ட இரவுகளே சாட்சி.

மூன்றாவது: உழைப்பாளருக்கு வேலை கிடைக்கும். கிடைக்கிறது. மலைநாட்டு இளைஞரும் அந்த வேலைத்தலங்களில் கம்பி கட்டியும் கொங்கிரீட் சுமந்தும் உழைக்கிறார்கள். அவர்கள் இரவில் உறங்குவது தகரக் கொட்டகையில். கட்டடம் முடிந்த அன்று கொட்டகையும் பிரிக்கப்படும். அந்தச் சாளரத்தை முதன்முதலில் பொருத்தியவனே அதன் வழியே வாவியை முதன்முதலில் பார்த்தவன். இரண்டாம் முறை பார்க்க அவனுக்கு அனுமதி இல்லை.

நீர்க்கரைக் கோபுரம் மக்களுக்காக எழமுடியாதா என்று மாணவர் கேட்கலாம். அதற்கும் வரலாற்றில் விடை இருக்கிறது. ‘அல்டெயர்’ கோபுரத்தை வரைந்த கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டி, தம் இளமையில் கனடாவின் மொன்றியல் நகரில், சென் லோறன்ஸ் நதிக்கரையில், ‘ஹபிற்றாற் 67’ என்னும் குடியிருப்பை அமைத்தவர். 1967ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக எழுந்தது அது. 354 கொங்கிரீட் பெட்டிகளைத் தொழிற்சாலை முறையில் வார்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கீழ்வீட்டின் கூரையையே மேல்வீட்டின் தோட்டமாக்கிய அரிய கற்பனை. நகரத்தில் நெருங்கி வாழும் சாதாரண மனிதனுக்கும் ஒரு தோட்டமும் வெளிச்சமும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கவேண்டும் என்பதே அந்த இளைஞரின் இலட்சியம். என்ன நடந்தது? கட்டுச்செலவு ஏறியது, திட்டமிட்ட அளவில் ஒரு பகுதியே, 158 வீடுகளே, எழுந்தன, பின்னர் அவை தனியார் கைக்கு மாறி, இன்று வசதி படைத்தோர் வாங்கும் வீடுகளாகிவிட்டன. கலைஞனின் நெஞ்சில் மக்கள் இருந்தார்கள். நிலத்தின் விலைப்பட்டியலில் அவர்கள் இல்லை. இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று: கட்டடத்தின் வடிவம் எவ்வளவு உயர்ந்த எண்ணத்தோடு வரையப்பட்டாலும், கரை யாருடையது என்பதே அதில் வாழப்போவது யார் என்பதைத் தீர்மானிக்கிறது. எனவே நம் போராட்டம் கட்டடக் கலைஞரோடு அன்று. கரையைச் சரக்காக்கும் அமைப்போடு.

நீரின் அழகு ஒரு வர்க்கத்துக்கு. அதன் ஆபத்தோ மற்றொரு வர்க்கத்துக்கு. கோபுரங்கள் மின்னும் அதே கொழும்பின் குப்பை 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளிலே, மீதொட்டமுல்லையில் மலையாகச் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மாண்டவர்கள் அதன் அடிவாரத்து எளிய வீட்டினர். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீறியபெத்தையில் மலை சரிந்து லயன்களை விழுங்கியது. 2020இன் பின்மாதங்களில் திகனயும் அயற்கிராமங்களும் சிறு நில அதிர்வுகளால் பலமுறை குலுங்கின. நீர்த்தேக்கமா, சுண்ணக்கல் அகழ்வா காரணமென்று அறிஞர் வாதிட, சுவர் வெடித்த வீடுகளில் மக்கள் அச்சத்தோடு உறங்கினர். அதே ஆண்டு செப்டம்பர் 20ஆம் திகதி கண்டி பூவெலிக்கடையில் சரிவில் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம் சாய்ந்து, கீழிருந்த வீட்டில் ஒரு தம்பதியையும் அவர்களது பச்சிளங் குழந்தையையும் கொன்றது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, கண்டி மாவட்டத்தின் சரிவுகளே மிகப் பெரிய இழப்பைக் கண்டன. கொழும்பில் களனி கங்கை கரைகடந்து தாழ்நிலக் குடிகளை மூழ்கடித்தது. அந்த நாட்களில் நீரைக் கண்டு மகிழ்ந்த சாளரங்கள் எவை, நீர் புகுந்த கதவுகள் எவை என்பதை யாவரும் அறிவர்.

ஆகவே நாம் கேட்பவை இவை. ஆற்றின் கரையும் வாவியின் கரையும் நீர்த்தேக்கத்தின் கரையும் பொதுமக்களின் சொத்து. மதிலெழுப்பி மறிக்காத, எவரும் நடந்து செல்லக்கூடிய பாதையாக அவை சட்டத்தால் உறுதிசெய்யப்படவேண்டும். ஒரு பகுதியில் வாழ்வோரை எழுப்பிக் கட்டடம் கட்ட முனைந்தால், அவர்களுக்கு அதே பகுதியில் உறுதிப்பத்திரத்துடன் வீடு கொடுத்த பின்னரே முதற் கல் நாட்டப்படவேண்டும். மலைச்சரிவில் ஏழையின் குடிசைக்கு ஆபத்து வலயம் என்று பலகை நடும் அதிகாரம், அதே சரிவில் எழும் உல்லாச விடுதிக்கும் மாடிக்கும் அதே பலகையை நடவேண்டும். பூட்டிக் கிடக்கும் ஆடம்பர மாடிவீடுகளுக்கு வரி விதித்து, அந்தப் பணத்தை லயன் காம்பராக்களை ஒழிப்பதற்குச் செலவிடவேண்டும். இவற்றுள் எதுவும் அரசின் சக்திக்கு அப்பாற்பட்டதன்று. 122 மீற்றர் அணையைக் கட்டி ஆற்றை நிறுத்த முடிந்த நாட்டுக்கு, காணி வியாபாரியை நிறுத்த முடியாதென்றால் அதனை யார் நம்புவார்?

இந்த வேலையில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் விசேட கடமை உண்டு. பாடநூல்கள் விக்டோரியாவின் உயரத்தையும் கொள்ளளவையும் மெகாவாட்டையும் சொல்கின்றன. மூழ்கிய ஊர்களின் பெயர்களைச் சொல்வதில்லை. தும்பறையிலும் குண்டசாலையிலும் தெல்தெனியவிலும் அந்த ஊர்களை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் இருக்கிறார்கள். சிங்களவரும் இருக்கிறார்கள், தமிழரும் இருக்கிறார்கள், முஸ்லிம்களும் இருக்கிறார்கள். அணை நீர் ஏறியபோது இனம் பார்த்து ஏறவில்லை. 2018 மார்ச்சில் இந்தத் திகனயிலேயே அயலவரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஒரே நீர் பறித்த ஊர்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் பகைக்கும்போது, கரையை விற்பவனுக்கு வேலை எளிதாகிறது. மாணவர்கள் குறிப்பேட்டுடன் அந்த முதியோரிடம் செல்லட்டும். எந்த வயல், எந்த வீடு, எவ்வளவு நட்டஈடு, பின்னர் எங்கே சென்றார்கள் என்று மூன்று சமூகத்தவரிடமும் கேட்டு எழுதட்டும். கொம்பனித்தெருவில் வீடிழந்தோரிடமும் அதே கேள்விகளைக் கேட்கட்டும். இரண்டு குறிப்பேடுகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படித்தால், நாட்டின் பெருங் கட்டடங்கள் எவர் கணக்கில் எழுந்தன என்பது விளங்கும்.

அந்தக் கணக்கை அரசு எழுதப்போவதில்லை. கோபுரத்தை விற்பவர் எழுதப்போவதில்லை. நாமே எழுதவேண்டும். எழுதியதை எடுத்துக்கொண்டு, நீர்க்கரை எங்களுடையது என்று கேட்கவும் வேண்டும்.